சோதனைக்காரர் ஊரில் இல்லாத வியாழக்கிழமை

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தினமும் நாலு வரியாவது எழுதுங்கள், மனதில் ஓடுவதை அப்படியே எழுதுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று முழுக்க என் மனதில் ஓடியது இட்லி மாவு. கிரைண்டர் பாதியில் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிறகு பேப்பர் படிக்கப் போய்விட்டார். எதிர்வீட்டில் கொடுத்து அரைத்து வாங்கினேன். மகள் ஆதிரையின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டேன்.

நன்றாகத்தான் தூங்குகிறேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

இன்று முதல் இரண்டு வாரத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் பாதுகாப்புச் சோதனை. மதுரையில் தலைமை ஆஸ்பத்திரி, தேனியிலும் சிவகாசியிலும் கிளைகள். மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களிலும் யாராவது திருட்டுத்தனமாக நுழைந்தால் என் திரையில் அலர்ட் விழும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுவது என்று இவர் கிண்டல் செய்வார். இப்போதெல்லாம் அந்தக் கிண்டலைச் செய்வதில்லை.

சோதனைக்கு வந்திருப்பவர் பெயர் பொன்வேல். அருப்புக்கோட்டைப் பையன், பெங்களூர்க் கம்பெனியில் வேலை. முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி நின்றார். திருடன் எப்படி நுழைவானோ அப்படியே பொன்வேல் நுழைந்து காட்டுவார். எங்கெல்லாம் ஓட்டை என்று கடைசியில் எழுதிக் கொடுப்பார்.

மேனேஜர் ஆல்பர்ட் சார் எங்களைக் கூப்பிட்டு, "அலர்ட் வந்தா பதறாதீங்க. பாத்துட்டு டெஸ்டிங்னு போட்டு மூடிருங்க" என்றார். அறையில் ஐந்து பேர் இருந்தோம். பதறாதீங்க என்பதை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

முதல் அலர்ட் வந்தது. பயிற்சி அறையில் இருக்கும் பொன்வேலின் மெஷினிலிருந்து ஒரு கேள்வி: அட்மின் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள்?

உள்ளே நுழைந்தவன் முதலில் கேட்பது இதைத்தான். புது ஆள் ஒருத்தன் அப்பார்ட்மெண்டுக்குள் வந்து, எல்லா வீட்டுச் சாவியும் யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது மாதிரி. பதில் தெரிந்துவிட்டால் அந்த ஆளைப் பிடித்தால் போதும், கட்டடமே அவன் கையில். கேள்வி கேட்பதால் எதுவும் உடையாது, சத்தம் வராது. அதனால் பாதி ஊரில் இதை யாரும் கவனிப்பதே இல்லை.

மாலையில் பொன்வேல் வாசலில் நின்று, "மேடம், என் அலர்ட் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. பாத்து மூடிட்டேன்."

"சூப்பர் மேடம். நெறைய எடத்துல நாங்களா சொன்னாத்தான் தெரியும்."

வேலைக்குத் திரும்பி வந்தபிறகு என்னை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. போகிற வழியில் ஆதிரைக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

மதியம் மறுபடியும் அதே கேள்வி. அட்மின் குரூப்பில் யார் யார்? ஆனால் இந்தத் தடவை பயிற்சி அறையிலிருந்து இல்லை. தேனி கிளை மருந்துக் கவுண்டர் கம்ப்யூட்டரிலிருந்து.

பொன்வேலிடம் கேட்கலாம் என்று போனேன். பயிற்சி அறை பூட்டியிருந்தது. அவர் இன்று வரவே இல்லை என்றார் செக்யூரிட்டி.

ஆல்பர்ட் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒரு மெஷின்ல நொழஞ்சு அங்கேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவுறதுதாம்மா அவங்க வேலையே. லாட்ஜுல உக்காந்து பண்ணுவாரு. மூடிருங்க."

மூடவில்லை. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடினேன்.

வீட்டில் ரசம் மட்டும்தான். ஆதிரை தட்டைத் தள்ளிவிட்டாள். எனக்கும் பசியில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

பொன்வேல் அன்றன்றைக்கு என்ன செய்தார் என்று அறிக்கை அனுப்ப வேண்டும். வியாழக்கிழமைக்கு ஒரே வரி: அட்மின் குரூப்புகளைக் கண்டறியும் சோதனை தொடர்ந்தது. "பாத்தீங்களா" என்று ஆல்பர்ட் சார் திரையை என் பக்கம் திருப்பினார்.

அப்படியும் மனம் கேட்காமல் பொன்வேலிடமே போய்க் கேட்டேன்.

"ஆமா மேடம், நான்தான்" என்றார், கீபோர்டைப் பார்த்துக்கொண்டே.

"தேனியில எந்த மெஷின்?"

"நெறைய மெஷின் மேடம். ஞாபகம் இல்ல."

மதியம் தேனியிலிருந்து மறுபடியும் கேள்வி வந்தது. எழுந்து ஓடினேன். நடந்திருக்கலாம், ஓடினேன். பொன்வேல் கேண்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புரோகிராமை ஓட விட்டுவிட்டு வந்தேன், அது தானாக ஓடும் என்றார். கேண்டீனில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள். அதில் வேறு அர்த்தம் எடுக்கக் கூடாது.

ஆகஸ்ட் 26, சனி

மாத்திரை போட்டால் பகலில் கண் சொருகுகிறது. திரை பார்க்கிற வேலையில் அது சரிப்படாது. பாதியாக உடைத்துப் போடுகிறேன். பாதி போட்டாலும் போட்டதுதானே.

இவர் அலமாரியில் எதையோ தேடுவதுபோல நின்று மாத்திரை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவலித் தைலம் தேடினாராம்.

ஜனவரியில் நடந்தது வேறு. அப்போது நான் எதையும் நம்பவில்லை. டிவிக்குள் ஆள், எதிர்வீட்டுக்காரர் போனில் ஆள், ஃப்ரிட்ஜில்கூட ஆள். ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்கி வைத்து ஒரு வாரத்துப் பால் கெட்டது. ஆபீஸிலும் ஒரு கூத்து நடந்தது. எழுத வேண்டாம். ஆனால் அப்போது எல்லா இடத்திலும் ஆள் இருந்தான். இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கிறான். அது வித்தியாசம் இல்லையா?

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஒருவேளை எல்லாரும் நினைப்பதுதான் சரியோ.

ஆகஸ்ட் 28, திங்கள்

கேண்டீனில் பொன்வேல் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். கையில் மஞ்சள் துணிப்பை, அதில் சாப்பாட்டு டப்பா. நம் ஊரில் விசேஷத்துக்குப் போனால் தேங்காய் பழம் போட்டுத் தருவார்களே, அந்தத் தாம்பூலப் பை. காதணி விழா என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. குழந்தை பெயர், அப்பா அம்மா பெயர், அருப்புக்கோட்டை மண்டபம். கீழே ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை.

டோக்கனைக் கீழே போட்டுவிட்டேன். எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

எதிரில் போய் உட்கார்ந்து, "யாருக்குத் தம்பி காதுகுத்து?" என்றேன்.

மேடம் என்பதை அங்கேயே விட்டுவிட்டார். "தங்கச்சி பையனுக்குக்கா. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான குத்தணும். நான் போகலன்னா அவ மாமியா வீட்டுல தல நிமிந்து நிக்க முடியுமா? எங்க கம்பெனி மேனேஜர்ட்ட லீவு கேட்டேன், வேலைய முடிச்சுட்டுப் போன்னுட்டாரு. காத வேற நாள்ல குத்த முடியுமாக்கா?"

"அதனால வேல பாத்ததா எழுதிட்டீங்க."

தலையாட்டினார்.

"லேப்டாப்?"

"லாட்ஜுல அணச்சு வெச்சுட்டுப் போனேன்."

"அப்ப வியாழக்கிழமை தேனியிலேர்ந்து கேட்டது யாரு?"

கரண்டியைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பையனுக்கும் பயம் வந்துவிட்டது என்று. ஆனால் அவர் சொன்னது வேறு. "முன்னாடியே எங்கயாச்சும் ஓட விட்டிருப்பேன்க்கா. எனக்கே ஞாபகம் இல்லாம."

"ஆல்பர்ட் சார்ட்ட வந்து இதயே சொல்லுங்க. அது போதும்."

"சொன்னா எங்க கம்பெனில என்னய உக்கார விடமாட்டாங்கக்கா. பொய் ரிப்போர்ட் போட்டவன்னு பேராயிரும். அப்புறம் எவனும் வேல தரமாட்டான்." கும்பிட்டார். கேண்டீனில், எல்லாரும் பார்க்க, சோற்றுக் கையை மற்றக் கையோடு சேர்த்து.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பிறகு வந்தது. பாத்திரம் தேய்க்கும்போது வந்தது, ஒரு டம்ளர் நசுங்கிவிட்டது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஆல்பர்ட் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். காதுகுத்து, தாய்மாமன், மஞ்சள் பை என்று சொல்லச் சொல்ல என் காதுக்கே அது நன்றாக இல்லை. ஒரு துணிப்பையை வைத்து ஆஸ்பத்திரிக்குள் திருடன் என்கிறேன்.

பொன்வேலைக் கூப்பிட்டுக் கேட்டார். "காலைல போய் தலையக் காட்டிட்டு வந்துட்டேன் சார். மதியம் வேல பாத்தேன்" என்றார் பொன்வேல். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் போனபிறகு ஆல்பர்ட் சார் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. நான் இல்லாத மூன்று மாதமும் என் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருந்தவர். "நல்லாத் தூங்குறியாம்மா?" என்றார். "ஒழுங்கா சாப்புடுறியா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்க. வீட்டுலயும் கவலப்படுறாங்க."

வீட்டில் கவலைப்படுவது ஆல்பர்ட் சாருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்லியிருப்பார்.

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அட்மின் யார் என்று தெரிந்துகொண்டவன் சும்மா இருக்க மாட்டான். ஒருநாள் எல்லாக் கம்ப்யூட்டரையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பான். எந்த நோயாளிக்கு எந்த வகை ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஆகாது, ஐசியூவில் இருப்பவருக்குக் கடைசியாக என்ன ஊசி போட்டார்கள், எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சொன்னால் பைத்தியம். சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் செத்துப்போவார், அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஆண்டவா, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க எனக்கு இடமில்லை.

அல்லது ஆளே இல்லை. அப்படியிருந்தால் அதைவிட மோசம். அப்படியென்றால் ஜனவரி முடியவே இல்லை.

ஆகஸ்ட் 30, புதன்

லீவு எடுக்கவில்லை. ராஜினாமாவை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஆல்பர்ட் சார் மேஜையில் வைத்தேன்.

"சார், தேனியிலேர்ந்து அந்தக் கேள்வி வர்றதெல்லாம் மத்தியானம், மருந்துக் கவுண்டர்க்காரர் சாப்புடப் போற நேரத்துல. பொன்வேல் லேப்டாப்ப அணச்சு, ஒயரப் புடுங்கி, உங்க கண்ணு முன்னால கைய மேஜ மேல வெச்சு உக்காரட்டும். சாப்பாட்டு நேரம் முடியிற வரைக்கும் எதுவும் வரலன்னா இத எடுத்துக்குங்க. நானே ஆஸ்பத்திரியில போய் அட்மிட் ஆயிக்கிறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்வேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆல்பர்ட் சார் காகிதத்தை எடுத்துப் படித்தார். எனக்கு ஒரு முடிவு கிடைக்கட்டும் என்றுதான் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். முரண்டு பிடிக்கும் குழந்தையைக் கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியில் பூச்சாண்டி இல்லை என்று காட்டுவது மாதிரி.

பொன்வேல் என் எதிரில் உட்கார்ந்தார். லேப்டாப் ஆல்பர்ட் சாரின் அலமாரிக்குள் போய்விட்டது. பொன்வேல் இரண்டு உள்ளங்கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார். விரல் இடுக்கில் சந்தனம் காய்ந்திருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மூன்று பேரும் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

கேண்டீனிலிருந்து சாம்பார் வாசனை வந்தது, அடங்கியது. கேண்டீன் பையன் டீ கொண்டுவந்தான். பொன்வேல் கையை எடுக்கலாமா என்று ஆல்பர்ட் சாரைப் பார்த்தார், எடுக்கவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. சிவகாசியில் யாரோ பாஸ்வேர்டைத் தப்பாக அடித்ததற்கு ஒரு அலர்ட் விழுந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்றேன். கொஞ்சமும் முடிந்தது.

அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மடியில் ஹெல்மெட், பக்கத்து நாற்காலியில் எனக்காக இன்னொரு ஹெல்மெட். என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். நான் போன் செய்யவில்லை.

"போதும்மா" என்றார் ஆல்பர்ட் சார். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வீட்டுக்குப் போ. இந்தக் காயிதம் என்கிட்ட இருக்கட்டும், இப்ப ஒண்ணும் பண்ணல."

என் பையை எடுத்தேன். சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைத்தேன். ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த நிமிடம் நான் அவர்களை நம்பிவிட்டேன். ஆள் இல்லை, எனக்குத்தான் சரியில்லை, நாளை டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆதிரையை அம்மா வீட்டில் விட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

பொன்வேல்தான் முதலில் பார்த்தார்.

"சார்" என்றார்.

தேனி மருந்துக் கவுண்டர். அட்மின் குரூப்பில் யார் யார்?

பொன்வேலின் இரண்டு கைகளும் மேஜைமேல் இருந்தன. அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பர்ட் சாரும் அவற்றைத்தான் பார்த்தார்.

"அது நான் இல்ல சார்" என்றார் பொன்வேல். "வியாழக்கிழமையும் நான் இல்ல சார். நான் ஊர்லயே இல்ல. புள்ளய மடியில வெச்சுக்கிட்டு இருந்தேன்."

ஆல்பர்ட் சார் தேனிக்குப் போன் போட்டார். புதன்கிழமை மூட்டு டாக்டர் வரும் நாளாம், கூட்டம் குறையாததால் கவுண்டர்க்காரர் இப்போதுதான் சாப்பிடப் போயிருக்கிறார். நாற்காலியில் யாரும் இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒயரப் புடுங்குங்க. ஆமா, புடுங்கிருங்க, எதையும் அமுக்காதீங்க" என்று அவர் கத்தியது வரவேற்பறை வரை கேட்டிருக்கும்.

பிறகு எல்லாரும் ஓடினார்கள். பொன்வேலும் என்னோடு உட்கார்ந்து வேலை பார்த்தார், வேகமாக, ஒரு வார்த்தை பேசாமல். அட்மின் குரூப்பைத் திறந்து பார்த்தோம். இருக்க வேண்டியவர்களோடு ஒரு புதுப் பெயர் சேர்ந்திருந்தது. பார்த்தால் தினமும் தகவலை நகலெடுத்து வைக்கிற பேக்கப் கணக்கு மாதிரி இருக்கும். போன சனிக்கிழமை யாரோ உருவாக்கியது. எங்களில் யாரும் இல்லை. மூன்று ஆஸ்பத்திரிக்கும் சாவி அந்தப் பெயரில் இருந்தது. நான்தான் அதை நீக்கினேன். ஆல்பர்ட் சார் என்னையே அமுக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

எதுவும் பூட்டப்படவில்லை. வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து மற்ற கம்ப்யூட்டர்களையும் பார்க்கிறார்கள். தேனியில் இரண்டு நாளாக மருந்துச் சீட்டைக் கையால் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். ராஜினாமாவை ஆல்பர்ட் சார் கிழித்துப் போட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பொன்வேல் உண்மையைக் கம்பெனிக்கு எழுதிவிட்டார். உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டார்களாம். சொல்லிக்கொள்ள வந்தார். "என்ன பண்ணுவாங்கன்னு தெரியலக்கா. நான் மட்டும் திங்கக்கிழமையே சொல்லியிருந்தா..." என்று நிறுத்தினார். பையனின் காது ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நேற்று அந்த அலர்ட் விழுந்தபோது எல்லாரும் பயந்துபோனார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோயாளிகள் படுத்திருக்கிற இடத்தில் திருடன் நுழைந்திருக்கிறான், நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். ஆள் இருந்தான். உண்மையாகவே இருந்தான்.

ராத்திரி ஆதிரை தூங்கியபிறகு இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப நெசமாவே ஆளு இருந்தானா?" என்றார்.

"இருந்தான்."

"போன வாரமே ஆல்பர்ட் சாருக்கு நான் போன் பண்ணேன் சுகந்தி. நீ மாத்திர சரியா போடல, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொன்னேன். நேத்தும் பேசினேன். அவரு என்கிட்டத்தான் கேட்டுக் கேட்டு..."

"தெரியும்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "எப்போ?"

"வீட்டுலயும் கவலப்படுறாங்கன்னு ஆல்பர்ட் சார் சொன்னப்பவே."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கல?"

"என் முதுகுக்குப் பின்னால நீங்களும் அவரும் பேசிக்கிறீங்கன்னு நான் சொல்லியிருந்தா," என்றேன், "அதயும் டாக்டர்ட்டத்தான போய்ச் சொல்லியிருப்பீங்க?"

இல்லை என்று சொல்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு எழுந்து காலைக்கு அரிசி ஊறவைத்தேன்.